வரிசையில் நிற்குமா நானோ கம்பி?

கொல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்துப் பக்கமிருந்து வடக்கே போகும் சாலைக்கு ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராயின் பெயர். ஊர்க்காரர்களுக்கு அது ஏ.பி.சி. ரோடு. பழைய ஆட்களுக்கு அப்பர் சர்க்குலர் ரோடு. அந்தச் சாலையில் 92-ம் எண், ராஜாபஜார் சயின்ஸ் காலேஜ். 93/1, போஸ் இன்ஸ்டிட்யூட். இந்தியாவின் சிப் கதையைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் மொஹாலியின் சிப் ஆலையில் தொடங்குவார்கள். இப்போது குஜராத்தின் சானந்தும் தோலேராவும் சேர்ந்துகொண்டன. இந்த இரண்டு கதவு எண்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எடுத்திருக்க வேண்டும்.

போஸ் இன்ஸ்டிட்யூட்டைப் பின்னாளில் நிறுவிய ஜகதீஷ் சந்திர போஸ், பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோது, ரேடியோ அலையைப் பிடிக்க கலீனாவை எடுத்துக்கொண்டார். கலீனா என்பது ஈயமும் கந்தகமும் சேர்ந்த தாது; பளபளக்கும் சாம்பல் நிறப் படிகம். அதில் ஒரு முனையை அளவான அழுத்தத்தில் தொட வைத்தால், வந்து விழும் அலைக்கு ஏற்ப மின்னோட்டம் மாறியது. 1901 செப்டம்பரில் அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. 1904 மார்ச்சில் கிடைத்தது. காப்புரிமை வாங்குவதில் போஸுக்கு விருப்பமே கிடையாது. சாரா புல் என்ற அமெரிக்கத் தோழி விடாமல் வற்புறுத்தியதால்தான் விண்ணப்பமே போட்டார். அரை நூற்றாண்டு கழித்து, 1955-ல், டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவரான வால்டர் பிராட்டைன், ஜெரால்ட் பியர்சனுடன் சேர்ந்து குறைக்கடத்திகளின் வரலாற்றை எழுதினார். குறைக்கடத்திப் படிகத்தைக் கொண்டு ரேடியோ அலையை முதலில் பிடித்தவர் போஸ்தான் என்று அதில் பதிவானது.

கலீனாவில் ஒரு சிக்கல் இருந்தது. படிகத்தின் எல்லா இடமும் வேலை செய்யாது. 1920-களில் வீட்டுக்கு வீடு வந்த கிரிஸ்டல் ரேடியோவில், மெல்லிய கம்பி முனையை அங்கும் இங்கும் நகர்த்தி, எங்கே பாட்டு கேட்கிறதோ அங்கே நிறுத்துவார்கள். மேஜை குலுங்கினால் ஸ்டேஷன் போய்விடும். நல்ல படிகம் கையில் இருந்தும், சரியான இடத்தில் தொடுப்பு கிடைக்காத திண்டாட்டம். படிகத்தின் அளவை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்த பிறகும் இந்தத் திண்டாட்டம் தீரவில்லை. இன்றைய கொல்கத்தாவின் ஆய்வுக்கூடங்களில் அதுதான் தினப்பாடு.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு, ஒரு நானோமீட்டர். சில பத்து நானோமீட்டர் தடிமனும், அதைப்போல நூறு மடங்கு நீளமும் உள்ள குறைக்கடத்திப் படிகத்துக்கு நானோ கம்பி என்று பெயர். இதை எதற்கு வளர்க்க வேண்டும்? டிரான்சிஸ்டர் என்பது மின்னோட்டத்துக்கு ஒரு குழாய்; கேட் என்ற மின்முனை அதன் அடைப்பான். குழாய் குட்டையாகக் குட்டையாக, ஒரு பக்கமிருந்து மட்டும் அடைத்தால் மின்சாரம் கசியும். மூன்று பக்கமும் அடைத்துப் பார்த்தது இன்டெல். 2011-ல் அறிவித்த 22 நானோமீட்டர் சிப்களில் அந்த அமைப்புதான். நான்கு பக்கமும் சுற்றி அடைத்த டிரான்சிஸ்டர்களை சாம்சங் 2022 ஜூனில் தயாரிக்கத் தொடங்கியது. முழுக்கச் சுற்றி அடைக்க வேண்டுமானால், உள்ளே இருப்பது கம்பியாகவோ மெல்லிய தகடாகவோ இருந்தாக வேண்டும். அதனால்தான் கம்பிக்கு இவ்வளவு மவுசு.

கம்பியை வளர்க்கும் வித்தை 1964-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாக்னர், எல்லிஸ் என்ற இருவர், சிலிக்கான் தட்டின் மேல் தங்கத் துணுக்குகளை வைத்துச் சூடாக்கினார்கள். தங்கம் தனியாக உருக 1,064 டிகிரி வேண்டும். சிலிக்கானோடு சேர்ந்தால் 363 டிகிரியிலேயே உருகி, சொட்டாகிவிடும். மேலே சிலிக்கான் உள்ள வாயுவை ஓட விட்டால், அந்தச் சொட்டு சிலிக்கானை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கொள்ளளவு மீறியதும் அடிப்பக்கத்தில் படிகமாகக் கக்கும். கக்கக் கக்க, சொட்டு மேலே எழும். கீழே கம்பி நீளும். சொட்டு எவ்வளவு பெரிதோ அவ்வளவுதான் கம்பியின் தடிமன். வாயு, திரவம், திடம் என்று மூன்று நிலையும் சேர்ந்து வேலை செய்வதால், மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வி.எல்.எஸ். முறை என்கிறார்கள்.

இதற்கு உலையும் வாயு சிலிண்டரும் வேண்டும். சிலிக்கானுக்காக ஓட விடும் சிலேன் வாயு காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் கட்டுப்படியாகாது. கொல்கத்தாவில் துத்தநாக ஆக்ஸைடு கம்பி இவ்வளவு பரவியதற்கு இது ஒரு காரணம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகம், கல்கத்தா பல்கலைக்கழகம், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்று மூன்று இடத்திலும் ஆண்டுக்கணக்கில் இதை வளர்த்திருக்கிறார்கள். முக்கியமாக வேண்டியது ஒரு பீக்கர், ஒரு ஹாட் பிளேட், சில ரசாயனங்கள்.

முதலில் கண்ணாடித் துண்டு ஒன்றை அசிட்டோனிலும் ஆல்கஹாலிலும் கழுவுகிறார்கள். துத்தநாக அசிட்டேட் கரைசலை அதன் மேல் சொட்டி, வேகமாகச் சுழற்றுகிறார்கள். கரைசல் மெல்லிய படலமாகப் பரவும். சூடாக்கினால் கண்ணுக்குத் தெரியாத துத்தநாக ஆக்ஸைடு மணிகள் ஒட்டிக்கொள்ளும். இதுதான் விதை அடுக்கு. அடுத்து, துத்தநாக நைட்ரேட்டும் ஹெக்சாமைனும் கரைத்த தண்ணீரில், விதை போட்ட பக்கம் கீழே பார்க்கும்படி துண்டைத் தொங்க விடுகிறார்கள். மேலே பார்க்க வைத்தால், கரைசலில் தானாகத் திரளும் வெள்ளைப் பொடி வந்து படிந்து காரியத்தைக் கெடுத்துவிடும். 90 டிகிரி வாக்கில் சில மணி நேரம். ஹெக்சாமைன் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து அமோனியாவை விட, கரைசலில் காரம் ஏறும். துத்தநாக ஆக்ஸைடு விதையின் மேல் படியும். எடுத்துக் கழுவிக் காய வைத்தால், கண்ணாடி லேசாகப் பால் பூத்த மாதிரி தெரியும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால், அறுகோணத் தலையோடு ஆயிரமாயிரம் கம்பிகள். கரைசலில் இப்படிக் கம்பி வரிசைகளை எழுப்பலாம் என்பதை லயோனல் வேசியர் 2003-ல் காட்டியபின், உலகம் முழுக்க இது ஆய்வு மாணவர்களின் முதல் பாடமாகிவிட்டது.

ஏன் அது கம்பியாக நீளுகிறது? படிகத்தின் ஒரு அச்சில் துத்தநாகத் தளமும் ஆக்ஸிஜன் தளமும் மாறி மாறி அடுக்கியிருக்கின்றன. அந்த முனைக்கு மின்னேற்றம் உண்டு, ஆற்றல் அதிகம். வரும் அணுக்கள் அங்கேதான் முண்டியடித்து உட்காரும். பக்கச் சுவர்கள் சாதுவானவை, மெதுவாகவே தடிக்கும். ஆக, நீளுவது படிகத்தின் இயல்பு. நேராக நிற்பது இயல்பில் வராது. அது விதையைப் பொறுத்தது. கை விதைப்புக்கும் கயிறு பிடித்து நடும் வரிசை நடவுக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். விதை மணிகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தால் கம்பிகளும் அப்படியே சாயும். சபையர் போன்ற ஒற்றைப் படிகத்தின் மேல் வளர்த்தால் அணுவோடு அணு பொருந்தி எல்லாம் செங்குத்தாக எழும். பெர்க்லியில் பெய்டாங் யாங் குழு 2001-ல் சபையர் மேல் வளர்த்த கம்பிகள் ஒவ்வொன்றும் குட்டி லேசராகவே 385 நானோமீட்டரில் ஒளிர்ந்தன. ஆனால் சபையர் விலை அதிகம், கண்ணாடி மலிவு.

நேராக நிற்கிறதா என்று கண்டுபிடிக்க நுண்ணோக்கிகூட வேண்டியதில்லை. எக்ஸ்ரே விளிம்புவிலகல் கருவியில் வைத்தால், கம்பிகள் கலைந்து கிடக்கும் மாதிரியில் பல சிகரங்கள் எழும். செங்குத்தாக நிற்கும் மாதிரியில், தாமிர எக்ஸ்ரேக்கு 34.4 டிகிரி அருகே ஒரே ஒரு சிகரம் ஓங்கி நிற்கும், மற்றவை அமுங்கிவிடும். அந்த ஒற்றைச் சிகரம் வந்துவிட்டால் மாணவருக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம்.

அடுத்த கட்டம் ஜாதவ்பூரில். இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் 1876-ல் மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் தொடங்கியது. இன்று ஜாதவ்பூரில் இருந்தாலும், அப்போது இருந்தது பவ்பஜார் தெருவில். 1907-ல் நிதித்துறை அதிகாரியாகக் கொல்கத்தா வந்த திருச்சிக்காரர் சி.வி.ராமன், ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் அங்கேதான் ஆராய்ச்சி செய்தார். 1917-ல் வேலையை விட்டு சயின்ஸ் காலேஜில் பாலித் பேராசிரியர் ஆனார். 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு. உடன் இருந்தவர் வத்திராயிருப்பு கே.எஸ்.கிருஷ்ணன். இந்தக் கதை தமிழ் வாசகர்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே பாடம். பாடத்தில் இல்லாதது ஒன்று: இன்று உலகின் எந்த மூலையில் சிலிக்கான் நானோ கம்பி வளர்த்தாலும், அது நல்ல படிகமா என்று பார்க்க ராமன் நிறமாலைதான் எடுக்கிறார்கள். நல்ல சிலிக்கானுக்கு 520 என்ற எண்ணில் கூர்மையான கோடு வரும். கம்பி பத்து நானோமீட்டருக்கும் கீழே மெலிந்தால் கோடு கொஞ்சம் கீழிறங்கி, பக்கவாட்டில் அகலும். மெலிந்திருக்கிறது என்று கம்பியே வாக்குமூலம் கொடுத்த மாதிரி.

அந்தக் கழகத்தில் சோமப்ரத ஆச்சார்யாவின் குழு வேறு வழியில் போனது. கம்பியை நிற்க வைக்காமல், படுக்க வைத்து வரிசைப்படுத்துவது. ஈய சல்ஃபைடு, துத்தநாக சல்ஃபைடு போன்றவற்றில் ஓரிரு நானோமீட்டர் தடிமனே உள்ள மிக மெல்லிய கம்பிகளை முதலில் கரைசலில் செய்கிறார்கள். ஈய சல்ஃபைடு என்றால் வேறொன்றுமில்லை, போஸின் அதே கலீனாதான். கம்பிகளைச் சுற்றி எண்ணெய்த்தன்மையுள்ள மூலக்கூறுகள் போர்த்தியிருப்பதால் தண்ணீரில் மூழ்காது. லாங்மியர் தொட்டி என்ற ஆழமில்லாத டெஃப்லான் தட்டில் தண்ணீர் நிரப்பி, அதன் மேல் கம்பிகளை மிதக்க விடுகிறார்கள். பிறகு தொட்டியின் குறுக்கே உள்ள தடுப்பை மெதுவாக நகர்த்தி, மிதக்கும் இடத்தைக் குறுக்குகிறார்கள். இடம் குறையக் குறைய, தாறுமாறாகக் கிடந்த கம்பிகள் ஒன்றை ஒன்று ஒட்டிப் பக்கவாட்டில் படுக்கின்றன. கண்ணாடித் தகட்டை வைத்து அப்படியே படலமாகத் தூக்கிவிடலாம். நெருக்கியது போதாமல் போனால் இடைவெளி விழும். கூடிப்போனால் படலம் மடிந்து சுருங்கும். தடுப்பை எங்கே நிறுத்துவது என்பதில்தான் அனுபவம். ஹார்வர்டில் சார்லஸ் லீபர் குழுவும் 2003-ல் இதே முறையில் சிலிக்கான் கம்பிகளை அடுக்கிக் காட்டியிருந்தது.

சால்ட் லேக்கின் மூன்றாவது செக்டார், ஜே.டி. பிளாக். சத்யேந்திர நாத் போஸ் பெயரில் 1986-ல் தொடங்கிய தேசிய அடிப்படை அறிவியல் மையம் இங்கே இருக்கிறது. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் நானோ ஆய்வு மையமும் இதே பிளாக்தான். அருப் குமார் ராய்சவுத்ரி தேசிய மையத்தின் இயக்குநராக இருந்தபோது, அவருடைய குழு ஒற்றைக் கம்பியை எடுத்து அளப்பதில் இறங்கியது. ஒன்றே ஒன்று! வளர்த்த கம்பிகளை ஆல்கஹாலில் கலக்கி, ஒரு துளியை சிலிக்கான் தட்டில் விட்டு, காய்ந்ததும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தேட வேண்டும். தோதான கம்பி கிடைத்ததும் அது எங்கே கிடக்கிறது என்று குறித்துக்கொண்டு, எலெக்ட்ரான் கற்றையால் அதன் இரு முனைக்கும் மின்முனை வரைய வேண்டும். கொஞ்சம் பிசகினால் மின்முனை காற்றில். கையில் இருக்கும் நிலை மின்சாரம் பாய்ந்தால் கம்பி காலி. இப்படி நூறு நானோமீட்டருக்கும் மெல்லிய ஒற்றை சிலிக்கான் கம்பியைக் கொண்டு செய்த ஒளி உணரியைப் பற்றி அவர்களும் ஐ.ஐ.டி. கரக்பூரின் சமித் ராய் குழுவினரும் சேர்ந்து 2014-ல் நானோஸ்கேல் இதழில் எழுதினார்கள். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியையும் அது பிடித்தது. அதோடு, ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதையும் சொன்னது. கம்பிக்கு இணையாக அதிரும் ஒளிக்கு ஒரு அளவு, குறுக்காக அதிரும் ஒளிக்கு வேறு அளவு. சமித் ராய் பின்னர் இதே மையத்துக்கு இயக்குநராக வந்தார்.

வரிசை எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. ஒரு கம்பிக்குத் திசை தெரியும். லட்சம் கம்பிகளைக் கலைத்துப் போட்டால் ஒன்றின் திசையை இன்னொன்று அழித்து, அந்தக் குணமே காணாமல் போய்விடும்.

ஒற்றைக் கம்பியில் இயற்பியல் கிடைக்கும், கட்டுரை கிடைக்கும், முனைவர் பட்டமும் கிடைக்கும். சிப் கிடைக்காது. ஆப்பிளின் எம்1 சிப்பில் 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள். ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் தேடித் தொடுப்புப் போட யுகங்கள் போதாது. கம்பி எங்கே முளைக்கும், எந்தப் பக்கம் படுக்கும் என்பது வளர்க்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எர்னஸ்டோ ஜோசெலெவிச் குழு 2011-ல் இதற்கு ஒரு அழகான விடை கொண்டுவந்தது: சபையர் பரப்பிலேயே நானோ அளவில் வரப்புகளும் பள்ளங்களும் இருக்கும்படி வெட்டி, அவற்றின் வழியே காலியம் நைட்ரைடு கம்பிகளை மில்லிமீட்டர் நீளத்துக்கு ஓட விட்டார்கள். வளரும்போதே வரிசை.

வரிசையை நம்பி ஒரு கம்ப்யூட்டரையே கட்டியவர்களில் கொல்கத்தாவில் படித்தவர் ஒருவர் இருக்கிறார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரான சுபாசிஷ் மித்ரா. அவரும் ஃபிலிப் வாங்கும் வழிநடத்த, மேக்ஸ் ஷுலேகர் உள்ளிட்ட குழு 2013 செப்டம்பரில் நேச்சர் இதழில் கார்பன் நானோ குழாய்களால் ஆன கம்ப்யூட்டரை அறிவித்தது. மொத்தம் 178 டிரான்சிஸ்டர்கள். கால்குலேட்டரோடுகூடப் போட்டி போட முடியாது. ஆனாலும் அது முழுக் கம்ப்யூட்டர். குவார்ட்ஸ் படிகத்தின் அணு வரிசையைப் பிடித்துக்கொண்டு குழாய்கள் நேராக வளர்ந்தன, 99.5 சதவீதத்துக்கும் மேல் நேர். பிறகு அவற்றை உரித்து சிலிக்கான் தட்டுக்கு மாற்றினார்கள். மீதி அரை சதவீதம் கோணலாக ஓடினாலும் சர்க்யூட் பிழைக்கும்படி வடிவமைப்பைச் செய்தார்கள். இன்னொரு தொல்லை: நானோ குழாய்களில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கடத்தியே அல்ல, உலோகம், அணைக்கவே முடியாது. அதற்கு அவர்கள் செய்தது கொஞ்சம் முரட்டு வைத்தியம்தான். நல்ல குழாய்களையெல்லாம் கேட் கொடுத்து அணைத்துவிட்டு, பெரிய மின்னோட்டத்தை விட்டார்கள். அணையாத உலோகக் குழாய்கள் சூடேறி எரிந்தே போயின. 2019-ல் எம்.ஐ.டி.யில் ஷுலேகரின் குழு 14,000-க்கும் மேற்பட்ட நானோ குழாய் டிரான்சிஸ்டர்களோடு அடுத்த செயலியைக் கொண்டுவந்தது.

இவ்வளவு இருந்தும் கடைக்கு வந்த சிப்களில் இருப்பது வளர்த்த கம்பி அல்ல. சாம்சங்கும் மற்றவர்களும் செய்வது வேறு. சிலிக்கானையும் சிலிக்கான்-ஜெர்மேனியத்தையும் வேஃபர் என்ற சிலிக்கான் தட்டு முழுக்க மாறி மாறி அடுக்காக வளர்க்கிறார்கள். ஒளி அச்சு முறையில் குறுகலாகச் செதுக்குகிறார்கள். ஜெர்மேனியம் கலந்த அடுக்குகளை மட்டும் அரித்து எடுத்தால், சிலிக்கான் தகடுகள் அந்தரத்தில் நிற்கும். சுற்றிலும் கேட் நிரப்புகிறார்கள். வரிசைப்படுத்தும் வேலையே இல்லை; அச்சில் எங்கே கோடு போட்டார்களோ அங்கேதான் தகடு. தங்கச் சொட்டு வித்தைக்கு ஆலைகள் கதவடைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிலிக்கானுக்குள் தங்கம் நுழைந்தால் எலெக்ட்ரான்களைப் பிடித்து விழுங்கும். ஒரு உலையில் பட்டால் அந்த உலையே தீட்டு. லாஜிக் சிப் என்ற போட்டியில் முளைக்க வைக்கும் முறை செதுக்கும் முறையிடம் தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொள்வதில் தவறில்லை. நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களில் மட்டும் இதைச் சொல்ல இன்னும் தயக்கம்.

தோற்காத களங்கள் இருக்கின்றன. காலியம் நைட்ரைடு அதில் முக்கியம். நீல எல்.இ.டி.க்காக 2014-ல் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் நோபல் வாங்கிக் கொடுத்த பொருள். இப்போது கைக்கடக்கமான செல்போன் சார்ஜரிலும் அதுதான். மலிவான சிலிக்கான் மேல் அதைப் படலமாக வளர்த்தால், இரண்டின் அணு இடைவெளிக்கும் சுமார் 17 சதவீத வித்தியாசம் இருப்பதால் விரிசலும் குறைகளும் வரும். கம்பியாக வளர்த்தால் அடிப்பாகம் குறுகல். இழுவிசை பக்கவாட்டில் தளர்ந்துவிடும். பிரான்ஸின் அலேடியா நிறுவனம் இந்த நியாயத்தை நம்பித்தான் சிலிக்கான் மேல் நைட்ரைடு கம்பி எல்.இ.டி.களைச் செய்கிறது. கொல்கத்தாவிலும் இந்தக் கைப்பழக்கம் உண்டு. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சிசிர் குமார் மித்ரா 1949-ல் தொடங்கிய ரேடியோ இயற்பியல் துறை, குறைக்கடத்திக்குள் எலெக்ட்ரான் எப்படி ஓடுகிறது என்று பி.ஆர்.நாக் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த இடம். அங்கே மூலக்கூறுக் கற்றையால் அணு அடுக்கு அடுக்காக நைட்ரைடு வளர்க்கும் இயந்திரம் இருக்கிறது.

2024 செப்டம்பரில் பிரதமர் மோடியும் அதிபர் பைடனும் டெலவேரில் சந்தித்தபின் வந்த அறிக்கையில் கொல்கத்தாவின் பெயர் இருந்தது. குளோபல்ஃபவுண்ட்ரீஸ் நிறுவனம் இங்கே ‘பவர் சென்டர்’ அமைக்கும் என்றார்கள். அதே அறிக்கையில் அகச்சிவப்பு, காலியம் நைட்ரைடு, சிலிக்கான் கார்பைடு சிப்களுக்கான ‘சக்தி’ ஆலையும் இருந்தது. ஊரில் சிலர் இரண்டையும் ஒன்றாக்கி, சிப் ஆலையே கொல்கத்தாவுக்கு வந்துவிட்டதாகப் பேசினார்கள். அறிக்கையில் கொல்கத்தாவுக்குச் சொன்னது ஆராய்ச்சி, மேம்பாடு சார்ந்த மையம். ஆலை தனி சங்கதி.

உள்ளூர் பல்கலைக்கழகங்களுக்கு உடனே கைக்கு எட்டுவது, கம்பி நின்றபடியே பயன்படும் கருவிகள்தான். வாயு உணரி, புற ஊதா உணரி, எல்.இ.டி. இவற்றில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி விலாசம் தேவையில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே வேலையைச் செய்தால் போதும். தொடுப்புப் பிரச்சினையும் இங்கே சுலபமாகிறது. அடியில் மின்கடத்தும் கண்ணாடி ஒரு முனை. நிற்கும் கம்பிகளுக்கு நடுவே பாலிமரை ஊற்றி இடைவெளியை அடைக்கிறார்கள். ஆக்ஸிஜன் பிளாஸ்மாவால் மேலே லேசாகச் சுரண்டி, கம்பிகளின் தலை மட்டும் வெளியே தெரியும்படி செய்கிறார்கள். அதன் மேல் உலோகத்தைப் பூசினால் மறுமுனை ரெடி. கம்பிகளின் உயரம் ஒரே சீராக இருந்தாக வேண்டும். குட்டையானவை பாலிமருக்குள் புதைந்து தொடுப்பில்லாமல் சும்மா நிற்கும். கம்பியே முளைக்காமல் திட்டாக விட்டுப்போன இடத்தில், பாலிமரிலும் ஓட்டை விழுந்தால் மேல் உலோகம் கீழே இறங்கி ஷார்ட் ஆகும். கரைசலில் எவ்வளவு நேரம் வைப்பது என்பதைவிட, விதைக் கரைசலை எத்தனை முறை சுழற்றிப் பூசுவது, எத்தனை டிகிரியில் சூடாக்குவது என்பதில் மாணவர்கள் மல்லுக்கட்டுவது இதனால்தான்.